ஸ்மார்ட் போன் திரை: வாங்கும் முன் சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஸ்மார்ட் போன் வாங்கச் செல்பவர்கள் கடையில் முதலில் கேட்பது, கேமரா எத்தனை மெகா பிக்ஸெல், ராம் மெமரி எத்தனை ஜிபி, பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதைத்தான். திரையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் "பெரிய டிஸ்பிளேதானே?" என்பதோடு நிறுத்திக் கொள்கிறோம். ஆனால், போனை எதற்காகக் கையில் எடுத்தாலும் நம் கண் பார்ப்பது திரையைத்தான். ராம் மெமரி குறைவாக இருந்தால் போன் கொஞ்சம் மெதுவாக இயங்கும். திரை சரியில்லை என்றால், அந்தப் போன் இருக்கும் வரை தினமும் சிரமம்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. சொந்த வீட்டில் ஒரு தவறு செய்து கற்றுக் கொண்டேன். எனவே அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சாப்ட்வேர் துறையில் பணியாற்றுகிறேன். எங்கள் உறவினர்களுக்குப் போன், லேப்டாப் எது வாங்குவதாக இருந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். என் அப்பா பொள்ளாச்சி - உடுமலை சாலையோரம் இளநீர் வியாபாரம் செய்கிறார். 2023 தீபாவளிக்கு அவருக்கு ஒரு புதிய போன் வாங்கிக் கொடுத்தேன். இணையத்தில் நான்கைந்து மாடல்களின் விவரப் பட்டியலை ஒப்பிட்டு, அந்த விலையில் எதில் ரெசல்யூஷன் அதிகமோ அதைத் தேர்ந்தெடுத்தேன். 6.5 அங்குலத் திரை, 1080×2400 ரெசல்யூஷன், 90 ஹெர்ட்ஸ் ரெப்ரெஷ் ரேட். காகிதத்தில் எல்லாம் பிரமாதம்.

2025 பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் முழுவதும் அப்பாவுடன் கடையில் இருந்தேன். யாராவது யுபிஐ மூலம் பணம் அனுப்பினால், அப்பா போனை எடுத்துப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது. மேலே கையைக் குவித்து நிழல் செய்து பார்ப்பார். அப்படியும் தெரியாவிட்டால், நான்கு எட்டு நடந்து புளிய மரத்து நிழலுக்குப் போய்ப் பார்ப்பார். பணம் வந்ததைக் குரலில் சொல்லும் பெட்டி அப்போது அவரிடம் இல்லை. கூட்டமாக இருந்தால் "அனுப்பிட்டேன்" என்று சொல்பவர்களை அப்படியே நம்பி அனுப்பி விடுவார். இரவு கணக்குப் பார்க்கும்போது சில நாள்களில் இரண்டு காய், மூன்று காய்க்கான பணம் குறையும்.

"ஏனுங்ப்பா, வெய்யல்ல தெரியறதில்லைன்னு சொல்லவே இல்லீங்களே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. நெழலுக்குப் போனா நல்லாத்தான் தெரியுது. நீ காசு போட்டு வாங்கிக் குடுத்தது" என்றார்.

ஒரு வருடத்துக்கும் மேல் அவர் இப்படிச் சமாளித்திருக்கிறார். அன்று இரவு அந்தப் போனின் விவரப் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். கீழே, நான் படிக்காமல் விட்ட வரியில் இருந்தது: அதிகபட்ச ஒளிர்வு 450 நிட்ஸ். அவருக்குத் தேவையான ஒரே விஷயத்தை விட்டுவிட்டு, தேவையே இல்லாத விஷயத்திற்குப் பணம் கொடுத்திருக்கிறேன்.

அது ஏன் என்பதையும், நீங்கள் இந்தத் தவறைச் செய்யாமல் இருக்கத் திரையை எப்படிச் சோதிப்பது என்பதையும் இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. ரெசல்யூஷன் என்பது என்ன?

உங்கள் கம்ப்யூட்டர் மானிட்டரைப் போலவே, போன் திரையும் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. இந்தப் புள்ளிகளைத்தான் பிக்ஸெல் என்கிறோம். அகலவாக்கில் எத்தனை பிக்ஸெல், உயரவாக்கில் எத்தனை பிக்ஸெல் என்று சொல்வது ரெசல்யூஷன். இன்றைய போன்களில் பொதுவாக நீங்கள் காண்பவை இவைதான்:

எச்டி+ : 720×1600, மொத்தம் 11,52,000 பிக்ஸெல்கள்.
ஃபுல் எச்டி+ : 1080×2400, மொத்தம் 25,92,000 பிக்ஸெல்கள்.
க்வாட் எச்டி+ : 1440×3200, மொத்தம் 46,08,000 பிக்ஸெல்கள்.

மாடலுக்கு மாடல் உயரத்தின் எண் சற்று மாறலாம். அகலத்தின் எண்ணான 720, 1080, 1440 என்பதை நினைவில் வைத்துக் கொண்டால் போதும்.

எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் தெளிவு தெரியாது. அதே எண்ணிக்கைப் புள்ளிகளைப் பெரிய திரையில் பரப்பினால் நெருக்கம் குறையும். எனவே, ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பிக்ஸெல்கள் அமைந்துள்ளன என்று பார்க்க வேண்டும். இதனைப் பிபிஐ என்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டர் போதும். 6.5 அங்குலத் திரை, 1080×2400 என்று வைத்துக் கொள்வோம்.

அ) கால்குலேட்டரைத் திறந்து 1080-ஐ 1080-ஆல் பெருக்கவும். விடை 11,66,400. குறித்துக் கொள்ளவும்.
ஆ) 2400-ஐ 2400-ஆல் பெருக்கவும். விடை 57,60,000.
இ) இரண்டையும் கூட்டவும். 69,26,400.
ஈ) வர்க்கமூலம் காணும் பட்டனை அழுத்தவும். ஏறத்தாழ 2,632.
உ) இதனைத் திரையின் அளவான 6.5-ஆல் வகுக்கவும். விடை 405.

அந்தப் போனின் பிபிஐ 405. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான் இது, வேறொன்றும் இல்லை. திரையின் அளவைக் குறுக்காக, மூலைக்கு மூலை அளந்து சொல்வதால் இந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

நான் போட்டுப் பார்த்த சில கணக்குகள்:

6.5 அங்குலம், 720×1600 : 270 பிபிஐ
6.7 அங்குலம், 720×1600 : 262 பிபிஐ
6.7 அங்குலம், 1080×2400 : 393 பிபிஐ
6.7 அங்குலம், 1440×3200 : 524 பிபிஐ

2. எத்தனை பிபிஐ இருந்தால் போதும்?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. நீங்கள் போனை எவ்வளவு தூரத்தில் பிடித்துப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

குறையில்லாத கண்ணால், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோண அளவு வரையிலான நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்க முடியும் என்பது கண் மருத்துவத்தில் பயன்படும் பொது அளவுகோல். இதை வைத்து ஒரு சுலபக் கணக்கு போடலாம். 3438 என்ற எண்ணை, கண்ணுக்கும் திரைக்கும் இடையிலான தூரத்தால் வகுக்கவும். தூரம் அங்குலத்தில் இருக்க வேண்டும். கிடைக்கும் விடையே அந்தத் தூரத்திற்குத் தேவையான பிபிஐ.

10 அங்குலத்தில் பிடித்தால்: 344
12 அங்குலத்தில் பிடித்தால்: 286
16 அங்குலத்தில் பிடித்தால்: 215

2010-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 4 மாடலை 326 பிபிஐ திரையுடன் வெளியிட்டு, அதற்கு ரெட்டினா டிஸ்பிளே என்று பெயர் சூட்டியதும் இந்த அடிப்படையில்தான். கையில் பிடிக்கும் தூரத்தில் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது என்பதே அதன் பொருள்.

உங்கள் லேப்டாப்பையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். 15.6 அங்குலம், 1366×768 என்றால் 100 பிபிஐதான் வரும். இருந்தும் நாம் அதில் படிக்கிறோம். ஏனென்றால் அதை இரண்டடி தள்ளி வைத்துப் பார்க்கிறோம். இரண்டடிக்குத் தேவையான பிபிஐ 143. 15.6 அங்குலத்தில் 1920×1080 ரெசல்யூஷன் உள்ள லேப்டாப்பில் 141 கிடைக்கிறது. அது பார்ப்பதற்குத் தெளிவாகத் தெரிவதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

இனி என் தவறுக்கு வருவோம். என் அப்பாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. நாற்பது வயதுக்கு மேல் நம்மில் பெரும்பாலானோருக்கு அருகில் உள்ளது மங்கலாகத் தெரியத் தொடங்குகிறது. அவர்கள் போனைத் தள்ளிப் பிடித்துப் படிப்பார்கள். அப்பா பிடிக்கும் தூரத்தை அளந்து பார்த்தேன். சுமார் 16 அங்குலம். அந்தத் தூரத்திற்கு 215 பிபிஐ போதும். எச்டி+ திரையின் 270-ஏ அவருக்கு அதிகம். நான் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய 405 பிபிஐ அவர் கண்ணுக்குச் சற்றும் பயன்படவில்லை.

மாறாக, படுக்கையில் முகத்தருகே வைத்துப் படிக்கும் கல்லூரி மாணவருக்கு 270 பிபிஐ போதாது. எழுத்தின் ஓரங்கள் மெல்லிய பிசிறோடு தெரியும். அவர்கள் 1080 உள்ள திரையை வாங்குவது நல்லது. 1440 என்பது கையில் பிடித்துப் படிக்கும் சாதாரணப் பயன்பாட்டிற்குத் தேவையில்லை. பிக்ஸெல்கள் கூடக் கூட, அவற்றைக் கணக்கிடும் வேலையும் பேட்டரிச் செலவும் கூடும்.

3. ரெசல்யூஷன் கூடினால் எழுத்து சிறிதாகுமா?

பழைய கம்ப்யூட்டர்களில் மானிட்டரின் ரெசல்யூஷனை உயர்த்தினால், ஐகான்களும் எழுத்துகளும் சிறியதாகிவிடும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் போனிலும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். ஆண்ட்ராய்ட் போன்களில் அப்படி இல்லை. எழுத்தின் அளவைத் திரையின் பிக்ஸெல் நெருக்கத்திற்கு ஏற்ப ஆண்ட்ராய்ட் சிஸ்டமே சரி செய்து கொள்கிறது. எனவே ரெசல்யூஷன் கூடினால் எழுத்து கூர்மையாகும், சிறிதாகாது. எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் செட்டிங்ஸ், டிஸ்பிளே சென்று பான்ட் சைஸ் மற்றும் டிஸ்பிளே சைஸ் ஆகிய இரண்டையும் கூட்டிக் கொள்ளலாம். கடையிலேயே இரண்டையும் கடைசி அளவு வரை கூட்டி, பெரியவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

4. அங்குலத்தைக் கண்டு ஏமாற வேண்டாம்

"பழைய போன் 5.5 அங்குலம், இது 6.5 அங்குலம். ஒரு அங்குலம் பெரிது" என்று விற்பனையாளர் சொல்வார். குறுக்களவில் அது உண்மைதான். ஆனால் பழைய போன்களின் திரை 16:9 என்ற விகிதத்தில் இருந்தது. இப்போதைய திரைகள் 20:9 என்ற விகிதத்தில் ஒல்லியாக உயர்ந்துள்ளன. கணக்குப் போட்டால், 5.5 அங்குலப் பழைய திரையின் அகலம் 6.85 செமீ. 6.5 அங்குலப் புதிய திரையின் அகலம் 6.77 செமீ. அதாவது அகலம் சற்றுக் குறைந்திருக்கிறது!

போனை நேராகப் பிடித்துப் படிக்கும்போது ஒரு வரியில் எத்தனை எழுத்துகள் வரும் என்பதை முடிவு செய்வது அகலம்தான். கூடுதல் உயரத்தால் கூடுதல் வரிகள் கிடைக்கும். வரியின் நீளம் கூடாது. எனவே கடைக்குச் செல்லும்போது சட்டைப் பையில் ஒரு சிறிய ஸ்கேலை எடுத்துச் செல்லுங்கள். திரையின் அகலத்தை அளந்து பாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

5. ஒளிர்வு: வெயிலில் தெரியுமா?

திரையின் ஒளியை நிட்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். அறைக்குள் பயன்படுத்த 200 முதல் 300 நிட்ஸ் போதும். நம் ஊர் நண்பகல் வெயிலுக்கு அது எந்த மூலைக்கு? வெயில் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையின் ஒளியை அமுக்கிவிடும். குறைந்த விலை எல்சிடி போன்கள் பலவற்றில் 400 முதல் 600 நிட்ஸ் வரைதான் இருக்கும். வெளியில் நின்று வேலை செய்பவர்களுக்கு 800, 1000 நிட்ஸ் உள்ள திரையே கை கொடுக்கும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, விளம்பரத்தில் 2000, 3000 நிட்ஸ் என்று பெரிய எண்களைப் போடுவார்கள். அது பெரும்பாலும் பீக் பிரைட்னஸ். அதாவது, திரையின் ஒரு சிறிய பகுதி மட்டும், சிறிது நேரத்திற்கு அந்த ஒளியைத் தரும். நமக்குத் தேவை முழுத் திரையும் தரும் ஒளி. இதனை ஹை பிரைட்னஸ் மோட் அல்லது சுருக்கமாக எச்பிஎம் என்று குறிப்பிடுவார்கள். விவரப் பட்டியலில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, பல போன்களில் இந்தக் கூடுதல் ஒளி, ஆட்டோ பிரைட்னஸ் வசதி இயங்கும்போது மட்டுமே வரும். வெயிலை சென்சார் உணர்ந்த பிறகுதான் திரை அந்த அளவுக்கு ஏறும். கையால் ஸ்லைடரை இறுதிவரை தள்ளினாலும் வராது. எனவே, உங்கள் போன் வெயிலில் மங்கலாக இருந்தால் புதியது வாங்கும் முன் ஆட்டோ பிரைட்னஸை இயக்கிப் பாருங்கள். நானும் அப்பாவின் போனில் முதலில் இதைத்தான் செய்தேன். அதில் 450-க்கு மேல் செல்ல வழியே இல்லாததால் பயனில்லை.

ஸ்கிரீன் கார்டையும் கவனியுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாதபடி மறைக்கும் பிரைவஸி கிளாஸ் ஒட்டினால் ஒளி நன்றாகவே குறைந்துவிடும். வெளியில் வேலை செய்பவர்களுக்கு அது வேண்டாம்.

6. எல்சிடியா, அமோலெட்டா?

எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்து கொண்டிருக்கும். முன்னால் உள்ள பிக்ஸெல்கள் அந்த ஒளியை விடும் அல்லது மறைக்கும். முழுவதும் மறைக்க முடியாததால் கறுப்பு சற்றுச் சாம்பலாகத் தெரியும். எல்சிடியில் ஐபிஎஸ் வகை நல்லது. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாலும் வண்ணம் அதிகம் மாறாது.

அமோலெட் திரையில் ஒவ்வொரு பிக்ஸெலும் தானே ஒளி தரும். கறுப்பு என்றால் அந்த இடத்தில் பிக்ஸெல் அணைந்தே போகும். எனவே கறுப்பு, கறுப்பாகவே இருக்கும். படம் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் இதிலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

அமோலெட் திரைகள் பலவற்றில் ஒரு பிக்ஸெலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் புள்ளிகள் இருப்பதில்லை. இரண்டுதான் இருக்கும். பச்சை எல்லாப் பிக்ஸெலிலும் உண்டு. சிவப்பையும் நீலத்தையும் அடுத்தடுத்த பிக்ஸெல்கள் பகிர்ந்து கொள்ளும். இதற்குப் பென்டைல் அமைப்பு என்று பெயர். 2010-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் போனில் இந்த அமைப்பு இருந்தது. அதனால் அதே பிபிஐ கொண்ட எல்சிடியை விட அமோலெட்டில் சிறிய வண்ண எழுத்துகளின் ஓரம் கொஞ்சம் மென்மையாகத் தெரியலாம். 400 பிபிஐக்கு மேல் இது கண்ணுக்குத் தெரிவது அரிது. அமோலெட் வாங்குவதென்றால் 720-ஐத் தவிர்த்து 1080 உள்ளதாக வாங்குங்கள்.

அடுத்தது, திரையின் துடிப்பு. பல அமோலெட் திரைகள் ஒளியைக் குறைக்க, விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. கண்ணுக்கு நேராகத் தெரியாது. ஆனால் சிலருக்கு இரவில் குறைந்த ஒளியில் படிக்கும்போது கண் வலியும் தலைவலியும் வருவதுண்டு. சோதிக்க ஒரு வழி இருக்கிறது. புதிய போனின் ஒளியை மிகவும் குறைத்து வைத்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறக்கவும். உங்கள் பழைய போனின் கேமராவில் ஸ்லோ மோஷன் வீடியோவை இயக்கி, அந்தத் திரையைப் பார்க்கவும். தடித்த கருப்புப் பட்டைகள் ஓடினால் துடிப்பு மெதுவானது என்று பொருள். ஏற்கெனவே தலைவலித் தொல்லை உள்ளவர்கள், எல்சிடி திரை அல்லது துடிப்பின் வேகம் 1920, 2160, 3840 ஹெர்ட்ஸ் என்று குறிப்பிடப்பட்ட அமோலெட் திரையைத் தேர்ந்தெடுக்கலாம்.

7. ரெப்ரெஷ் ரேட்

60 ஹெர்ட்ஸ் என்றால் திரை ஒரு வினாடியில் 60 முறை புதிதாக வரையப்படுகிறது. 120 என்றால் 120 முறை. பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது 90 அல்லது 120 ஹெர்ட்ஸ் திரை வழுக்கிக் கொண்டு ஓடும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் படிக்கும் எழுத்தின் தெளிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சில விளம்பரங்களில் 240 ஹெர்ட்ஸ், 300 ஹெர்ட்ஸ் டச் சாம்ப்ளிங் ரேட் என்று போடுவார்கள். அது விரல் தொடுவதை எத்தனை முறை கவனிக்கிறது என்பது. இரண்டையும் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

8. கடையில் செய்ய வேண்டிய சோதனை

கடையில் வைத்திருக்கும் போனில் டெமோ வீடியோ ஓடிக் கொண்டிருக்கும். ஒளி முழு அளவில், வண்ணம் விவிட் என்ற நிலையில் இருக்கும். அதைப் பார்த்தால் எல்லாத் திரையும் அழகுதான். எனவே முதலில் வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். இயங்கும் போனாக இருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் டம்மி மாடல் பயன்படாது.

அ) செட்டிங்ஸ், டிஸ்பிளே சென்று வண்ணத்தை நேச்சுரல் என்ற நிலைக்கு மாற்றவும். தெரிந்த ஒரு முகத்தின் போட்டோவைப் பார்க்கவும். தோலின் நிறம் இயல்பாக இருந்தால் வண்ணம் சரி.

ஆ) பிரவுசரில் ஒரு தமிழ் நாளிதழின் தளத்தைத் திறந்து, நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தில் வைத்துப் படிக்கவும். ஆங்கில எழுத்தை விட நம் எழுத்துகள் திரைக்குக் கடினமான சோதனை. ண, ன, ணை, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா? மெய்யெழுத்தின் புள்ளி, எழுத்தோடு ஒட்டாமல் தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் கண்ணுக்கு அந்த ரெசல்யூஷன் போதும். பிபிஐ கணக்கை விட இது முக்கியம்.

இ) ரெசல்யூஷன் உண்மைதானா என்று சந்தேகமா? ஒரு ஸ்கிரீன் ஷாட் எடுக்கவும். கேலரியில் அந்தப் படத்தின் டீடெய்ல்ஸ் பகுதியைப் பார்த்தால் 720×1600 அல்லது 1080×2400 என்று அதன் அளவு இருக்கும். இணையத்தில் "ஃபுல் எச்டி சப்போர்ட்" என்று விற்கப்படும் டேப்ளட் போன்றவற்றுக்கும் இந்தச் சோதனை உதவும். சப்போர்ட் என்றால் அந்த வீடியோவை ஓட்டும் என்றுதான் பொருள்; திரையில் அத்தனை பிக்ஸெல் இருப்பதாகப் பொருள் இல்லை. 1440 திரை உள்ள சில போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த 1080-ல் வைத்து வரும். அப்போது ஸ்கிரீன் ஷாட்டும் 1080 என்றே காட்டும். செட்டிங்ஸில் மாற்றிவிட்டு மீண்டும் எடுத்துப் பார்க்கவும்.

ஈ) போனை வாசலுக்கு எடுத்துச் சென்று வெயிலில் பார்க்க அனுமதி கேளுங்கள். ஆட்டோ பிரைட்னஸ் இயக்கத்தில் இருக்கட்டும். சில கடைகளில் சம்மதிக்க மாட்டார்கள். அப்படியானால் விற்பனையாளரையும் வாசல் வரை வரச் சொல்லுங்கள். அல்லது அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் வாங்கிப் பாருங்கள்.

உ) ஒளியை மிகக் குறைந்த நிலைக்குக் கொண்டு வந்து பார்க்கவும். இருட்டில் கண்ணைக் கூசும் திரையும் நல்ல திரை அல்ல.

ஊ) ஒரு ஐகானை விரலால் அழுத்திப் பிடித்து, திரையின் எல்லா மூலைகளுக்கும் இழுத்துச் செல்லவும். நடுவில் எங்காவது கைநழுவி விழுந்தால் அந்த இடத்தில் டச் சரியில்லை.

9. வீட்டிற்கு வந்தவுடன்

புதிய போனை மாற்றித் தரும் காலம் சில நாள்கள்தான். எனவே முதல் நாளே இதனைச் செய்திடவும். உங்கள் கம்ப்யூட்டரில் பெயின்ட் புரோகிராமைத் திறந்து வெள்ளை, கறுப்பு, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என ஆறு படங்களை, ஒவ்வொன்றும் ஒரே நிறத்தில் நிரப்பி உருவாக்கவும். அவற்றை யுஎஸ்பி கேபிள் மூலம் போனுக்கு மாற்றி, முழுத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கவும். நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி, பழுதான பிக்ஸெல். சாம்பல் படத்தில் பச்சை அல்லது ரோஸ் நிறச் சாயல் ஒரு பக்கம் தெரிந்தால் திரை சீராக இல்லை. கறுப்புப் படத்தை இருட்டறையில் பார்த்தால் எல்சிடியின் ஓரத்தில் ஒளி கசிவது தெரியும்.

போனில் படம் பார்ப்பவர்கள் வைட்வைன் என்ற பாதுகாப்பு நிலையையும் சரி பார்க்க வேண்டும். டிஆர்எம் இன்ஃபோ என்ற அப்ளிகேஷனை நிறுவினால் அது எல்1 அல்லது எல்3 என்று காட்டும். எல்3 என்றால், நெட்பிளிக்ஸ் போன்ற கட்டணச் சேவைகள் எச்டி தரத்தில் வராது. திரையில் எத்தனை பிக்ஸெல் இருந்தும் பயனில்லை.

கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை. பலமான கண்ணாடி என்றாலும் கீறல் விழும். மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள்கள் போன் கண்ணாடியை விடக் கடினமானவை. சாவியை விடச் சட்டைப் பையில் உள்ள மணல்தான் எதிரி. வாங்கும் முன், அந்த மாடலுக்குத் திரை மாற்ற எவ்வளவு ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொள்ளுங்கள்.

10. முடிவாக

அந்தப் பொங்கலுக்கு அடுத்த வாரமே அப்பாவை அழைத்துக் கொண்டு பொள்ளாச்சியில் ஒரு கடைக்குச் சென்றேன். இந்த முறை பட்டியலை நான் கையில் எடுக்கவில்லை. மூன்று போன்களை வாசலில் பன்னிரண்டு மணி வெயிலில் அப்பாவின் கையில் கொடுத்து, தொகையைப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது போனில் கண்ணைச் சுருக்காமல் படித்தார். பிறகு பார்த்தால் அது 720×1600 எச்டி+ திரை. எச்பிஎம் 1000 நிட்ஸ். ரெசல்யூஷனில் நான் முன்பு வாங்கியதை விடக் குறைவு. அதையே வாங்கினோம். பழைய போனை நான் வீட்டுக்குள் பயன்படுத்துகிறேன். அறைக்குள் அது நல்ல போன்தான்.

எனவே நண்பர்களே, "எது நல்ல திரை?" என்று கேட்பதற்கு முன், "யார், எங்கே நின்று, எவ்வளவு தூரத்தில் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேளுங்கள். அருகில் வைத்து அதிகம் படிப்பவருக்கு 1080 ரெசல்யூஷன். வெளியில் வேலை செய்பவருக்கு நிட்ஸ். இரவில் படிப்பவருக்குத் துடிப்பில்லாத, நன்றாக ஒளி குறையும் திரை. பெரியவர்களுக்கு அகலமான திரையும் பெரிய எழுத்தும். படம் பார்ப்பவருக்கு அமோலெட்டும் எல்1 சான்றும்.

முடிந்தால், போனைப் பயன்படுத்தப் போகிறவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பரிசாக வாங்கிக் கொடுக்கும் பொருளில் குறை இருந்தால், பெற்றோர் பெரும்பாலும் அதை நம்மிடம் சொல்ல மாட்டார்கள்.